முகத்தில் பூசுவதற்கு முன்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் கேட்கப்படுவது முகத்துக்கான சீரமும் கிரீமும்தான். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைத் திருப்பிக் காட்டி "இது இருக்கா அக்கா?" என்கிறார்கள். மறுநாள் அவர்களின் அம்மா வந்து "இதெல்லாம் போடலாமாம்மா, ஒண்ணும் ஆகாதே?" என்கிறார். கூட்டம் நிற்கும்போது பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். நான் தோல் மருத்துவர் கிடையாது. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல என்னென்னவோ போட்டிருக்கே, அதை எப்படிப் படிக்கிறது?

எது அதிகமாக இருக்கிறதோ அது முதலில் வரும். அளவு குறையக் குறைய மற்றவை வரிசையாக வரும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் இப்படித்தான் எழுதச் சொல்கின்றன. அதனால் பெரும்பாலான பட்டியல்கள் 'அக்வா' என்று தொடங்கும். அது தண்ணீர்தான். முதல் ஐந்தாறு பெயர்களிலேயே அந்த டப்பாவின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஒரு சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ள பொருட்களை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபீனாக்ஸிஎத்தனால் என்று ஒரு பதப்படுத்தும் பொருள் நிறைய கிரீம்களில் இருக்கும். அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அந்தப் பெயரை ஒரு கோடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டு, பட்டியலில் குங்குமப்பூ அந்தக் கோட்டுக்குப் பின்னால் வந்தால், பேருக்குத்தான் தூவியிருக்கிறார்கள். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் போன்ற சில பொருட்கள் மட்டும் விதிவிலக்கு. அவை ஒரு சதவீதத்துக்குக் கீழேயே நன்றாக வேலை செய்யும்.

சீரம், டோனர், எசென்ஸ், கிரீம்னு பத்து சொல்றாங்க. எல்லாமே வாங்கணுமா?

வேண்டாம். முகம் கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சீரம் என்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட பொருளைச் செறிவாகக் கொண்ட நீர்த்த திரவம். பரு, தழும்பு, மங்கு (கன்னத்தில் படரும் கருமை) என்று உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொந்தரவு இருந்தால் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்.

மூன்று சீரத்தை ஒரே வாரத்தில் ஆரம்பித்தவர்கள்தான் என்னிடம் அதிகம் திரும்பி வருகிறார்கள். முகம் எரிகிறது, ஆனால் எதனால் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சிறிய இடத்தில் தினமும் இரண்டு வேளையாக ஒரு வாரம், பத்து நாள் போட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். இளம் வயதில் தோலின் மேலடுக்கு புதிதாக மாற ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயதாக ஆக இன்னும் கூடும். அதனால் எந்தப் பொருளுக்கும் இரண்டு மூன்று மாதம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சோப்பு போட்டா முகம் இழுத்துப் பிடிக்குது. அது நல்லா சுத்தமாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை, முகம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் அளவு 5 பக்கம் இருக்கும் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரணக் குளியல் சோப்பு காரம், அதன் பிஎச் 9, 10 வரை போகும். அழுக்கோடு சேர்த்துத் தோலின் சொந்தக் கொழுப்பையும் அது வழித்து எடுத்துவிடுகிறது. உடம்புக்கு சோப்பு போடுங்கள், தப்பில்லை. முகத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ், காலையும் இரவும் ஒரு முறை. வெயிலில் வியர்த்து வந்தால் நடுவில் வெறும் தண்ணீரே போதும்.

எனக்கு ஏற்கெனவே எண்ணெய் வழியுற முகம். இதுல மாய்ஸ்சரைசர் வேறயா?

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் பிசுபிசுக்கும் முகத்திலும் உள்ளே ஈரப்பசை குறைந்திருக்கலாம். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்ற கொழுப்பு. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியிலிருக்கும் தூசியும் மருந்தும் உள்ளே போய் எரிக்கும். பருவுக்கு மருந்து போடுகிறவர்கள் மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு, "மருந்து ஒத்துக்கலை" என்று மருந்தையும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய் முகத்துக்கு ஜெல் வகை வாங்குங்கள். பட்டியலில் கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம் இருந்தால் அவை தண்ணீரைப் பிடித்து வைப்பவை, முகம் இலேசாக ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். வறண்ட முகத்துக்குச் செராமைடு உள்ள கிரீம் நல்லது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்று இல்லை. கிளிசரின் நம் ஊரில் பாட்டி காலத்திலிருந்து கிடைக்கும் பொருள். அதைவிட நம்பகமான ஈரம் காக்கும் பொருளை நான் பார்த்ததில்லை.

நாமதான் ஏற்கெனவே கறுப்பா இருக்கோமே, நமக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். கருமைக்குக் காரணமான மெலனின் உண்மையிலேயே ஒரு குடை. வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு, அதற்கு அந்தக் குடைதான் காரணம். ஆனால் மிகக் கருமையான தோலுக்கே அந்தக் குடை ஏறக்குறைய எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 13 அளவுதான் காக்கிறது என்று 1979இல் அளந்திருக்கிறார்கள். மாநிறத்துக்கு இன்னும் குறைவு. சித்திரை வைகாசியில் நம் ஊர் உச்சிவெயிலின் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். அதிதீவிரம் என்று சொல்லப்படும் அளவு அது.

நமக்கு வெயில் செய்யும் தீங்கு வேறு விதம். பரு ஆறிய இடம், கொசு கடித்த இடம், சூடு பட்ட இடம் எல்லாம் நமக்குக் கரும்புள்ளியாகத் தங்கிவிடுகிறது. வெயில் பட்டால் அது இன்னும் அடர்த்தியாகும். மங்கும் அப்படியே. எத்தனை ரூபாய் சீரம் போட்டாலும் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போனால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சன்ஸ்கிரீனை வெள்ளையாவதற்கான பொருளாக நினைத்து வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். தழும்பு மறையட்டும் என்று வாங்கியவர்கள் தொடர்கிறார்கள். இதைக் கடையில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

எஸ்பிஎஃப் 30 வாங்கவா, 50 வாங்கவா? பக்கத்துல பிஏ போட்டு நாலு கூட்டல் குறி இருக்கே, அது என்ன?

எஸ்பிஎஃப் என்பது முகத்தைச் சுடும் யுவிபி கதிருக்கான எண். 30 போட்டால் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. ஒரு சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் இந்த எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். நாம் யாரும் அவ்வளவு பூசுவதில்லை. குறைத்துப் பூசுகிறவர்களுக்கு 50 கொஞ்சம் கைகொடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும்.

பிஏ என்பது ஜப்பானில் வந்த முறை, யுவிஏ கதிருக்கான அளவு. கூட்டல் குறி கூடக் கூடப் பாதுகாப்பு கூடும், நான்குதான் உச்சம். யுவிஏ ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். பேருந்தில் ஜன்னலோரம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இது முக்கியம். மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும். நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு அந்த ஒளியையும் தடுக்கும். வெள்ளைப் பூச்சாக அப்பிக்கொண்டு நிற்காது என்பது கூடுதல் நன்மை.

எதை எடுத்தாலும் நியாசினமைடுன்னு போட்டிருக்கு. அப்படி என்ன அது?

வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். நிறமி தயாரான பிறகு அது மேல் செல்களுக்கு மாறிப் போவதைக் குறைக்கிறது, செராமைடு உற்பத்தியைக் கூட்டுகிறது, எண்ணெயைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது. யாருக்கும் பெரிதாக ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்தில் நடந்தவை. 10 சதவீதம் வாங்கினால் இரண்டு மடங்கு பலன் என்று இல்லை, சிலருக்கு முகம் சிவந்து அரிக்கிறது. உங்கள் மாய்ஸ்சரைசரிலும் சன்ஸ்கிரீனிலும் ஏற்கெனவே இது இருக்கிறதா என்று முதல் பதிலில் சொன்னபடி பட்டியலைப் பாருங்கள். பலருக்குத் தனியாக வாங்கவே தேவை இருக்காது.

வைட்டமின் சி சீரம் வாங்கி ரெண்டு மாசத்துல டீ டிகாஷன் கலர்ல ஆயிடுச்சு. போடலாமா?

தூக்கிப் போடுங்கள், அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போய்விட்டது. சுத்தமான வைட்டமின் சி, அதாவது எல்-அஸ்கார்பிக் அமிலம், 10 முதல் 20 சதவீதத்தில், பிஎச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் போகும். அந்த நிலையில் அது காற்று, வெளிச்சம், சூடு மூன்றுக்கும் பயப்படும். நம் ஊர் வெயிலில் கூரியர் வண்டியிலேயே பாதி கெட்டுப்போக வாய்ப்புண்டு. சின்ன பாட்டிலாக, வெளிச்சம் புகாத அடர்நிறத்தில் வாங்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கட்டுப்படி ஆகாது என்றால் விட்டுவிடலாம், நியாசினமைடும் சன்ஸ்கிரீனும் போதும்.

ரெட்டினால் போட ஆரம்பிச்சதும் பரு கூடிப்போச்சு. நிறுத்திடவா?

ரெட்டினால் வைட்டமின் ஏ குடும்பம். இந்தக் குடும்பத்தில் வலுவானது டிரெட்டினாயின். அமெரிக்காவில் 1971இல் பருவுக்காக அனுமதி பெற்றது, மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. இவை தோல் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டுவதால் உள்ளே ஒளிந்திருந்த பருக்கள் முதல் நான்கைந்து வாரத்தில் வெளியே வரலாம். வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்தால் பொறுத்துப் பாருங்கள். இதுவரை வராத இடத்தில் வந்தாலோ, எரிந்து தோல் உரிந்தாலோ நிறுத்துங்கள்.

வாரத்துக்கு இரண்டு இரவு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, அதன் மேல் மாய்ஸ்சரைசர். இப்படித்தான் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் இந்தக் குடும்பத்தையே தொடக் கூடாது. பருவுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். பூசுவதில் ஆபத்து அந்த அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை என்றாலும் தவிர்ப்பதுதான் வழக்கம். கர்ப்ப காலத்தில் அசெலாயிக் அமிலம் போடலாம், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பகுச்சியால்னு ஒண்ணு, ரெட்டினாலுக்கு மூலிகை மாற்றுன்னு சொல்றாங்களே?

அது வேறு யாருமில்லை, நம் நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசிதான். குளியல் பொடியில் சேர்ப்போமே, அதே விதை. வடமொழியில் அதற்குப் பாகுசி என்று பெயர். அதிலிருந்து பிரித்த பொருளுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 44 பேரை 12 வாரம் கவனித்தார்கள். அரை சதவீதப் பகுச்சியாலை இரண்டு வேளை போட்டவர்களுக்கும், அரை சதவீத ரெட்டினாலை ஒரு வேளை போட்டவர்களுக்கும் சுருக்கத்திலும் கருமையிலும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம். எரிச்சல் பகுச்சியாலில் குறைவு. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சின்ன ஆய்வு.

இதைப் படித்துவிட்டுக் கார்போகரிசியை அரைத்து முகத்தில் போட்டு வெயிலில் போகாதீர்கள். அந்த விதையில் சோரலென் என்ற பொருளும் உண்டு, அது வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். வெண்புள்ளிக்கு இந்த விதையைப் பாரம்பரிய மருத்துவத்தில் பயன்படுத்தியதற்கே அந்தக் குணம்தான் காரணம். சீரத்துக்காகச் சுத்திகரித்த பகுச்சியாலில் சோரலெனை நீக்கிவிடுகிறார்கள்.

கொரியாக்காரங்க மாதிரி கண்ணாடி முகம் வேணும் அக்கா. சிக்கா கிரீம், அரிசித் தண்ணி எல்லாம் வாங்கலாமா?

சிக்கா என்பது வல்லாரை. குளத்தங்கரையில் முளைக்கும் அதே கீரை. அதிலுள்ள மெடகாஸோசைடு போன்ற பொருட்கள் எரிச்சலைத் தணிக்கும், காயம் ஆற உதவும். எரிந்து சிவந்த முகத்துக்கு நல்ல தேர்வுதான். அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் செய்யாது, பெரிய மாற்றமும் செய்யாது. இரண்டு நாள் புளிக்க வைத்துப் போடுகிறவர்கள் அதில் என்ன கிருமி வளர்கிறது என்று யோசியுங்கள். கோஜிக் அமிலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1907இல் ஜப்பானில், அரிசியைப் புளிக்க வைக்கும் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்தது அது. கருமையைக் குறைக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். நத்தைச் சாறு ஈரம் காக்கும், கிளிசரினும் காக்கும்.

கண்ணாடி மாதிரி மின்னுவது விளக்கு வெளிச்சமும் செல்போன் ஃபில்டரும் சேர்ந்த வேலை. தோலில் துளை இருக்கும், மயிர் இருக்கும். அது நோயில்லை.

எலுமிச்சம்பழம், பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் போட்டா பரு போகும்னு ரீல்ஸ்ல பார்த்தேன்…

மூன்றையும் போடாதீர்கள். எலுமிச்சையின் பிஎச் 2 பக்கம், பேக்கிங் சோடாவின் பிஎச் 8க்கு மேல். தோலின் அளவு என்னவென்று சோப்புக் கேள்வியில் சொன்னேன். எலுமிச்சைச் சாறு போட்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும், அதற்கும் மேலே சொன்ன சோரலென் வகைப் பொருட்கள்தான் காரணம். பருவுக்கு 2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் உள்ள ஜெல் மலிவாகவே கிடைக்கிறது. அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் போய் அடைப்பை எடுக்கும்.

தேங்காய் எண்ணெயைவிட நல்லது எதுவும் இல்லைன்னு எங்க ஆயா சொல்லுவாங்க. உண்மையா?

கைகாலுக்கும் வறண்ட உடம்புக்கும் ஆயா சொன்னது சரி. கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்களின் வறட்சிக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தருவதை பிலிப்பைன்ஸில் ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம், துளையை அடைக்கும். பொடுகு, தேமல் உள்ளவர்களும் அந்த இடத்தில் தேய்க்காதீர்கள். அவற்றுக்குக் காரணமான மலஸ்ஸீசியா என்ற பூஞ்சைக்குத் தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் தீனி. நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக அரிப்போடு வருவதும் பல நேரம் இந்தப் பூஞ்சைதான், பரு இல்லை.

மஞ்சள் பூசலாமா? குளியல் பொடி போடலாமா?

முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள், அது சமையல் மஞ்சள் இனத்தைச் சேர்ந்ததே தவிர வேறு கிழங்கு. கிழங்காக வாங்கி அரைத்தால் நல்லது. தளர்வாக விற்கும் மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள், லெட் குரோமேட் போன்ற சாயங்கள் கலப்படமாக இருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. குளியல் பொடியில் பாசிப்பயறு மாவு எண்ணெயை மென்மையாக எடுக்கும். நைசாக அரைத்துச் சலித்ததாக இருக்கட்டும், கரகரவென்று தேய்த்தால் அந்த உரசலே கருமையைக் கொண்டுவரும். மஞ்சளுக்கும் ஒவ்வாமை வரும், முழங்கைச் சோதனை இயற்கைப் பொருளுக்கும் பொருந்தும்.

கெமிக்கல் இல்லாதது, பாரபென் இல்லாதது கொடுங்கம்மா.

தண்ணீரும் கெமிக்கல்தான். பாரபென் என்பது கிருமி வளராமல் காக்கும் பொருள். 2004இல் மார்பகத் திசுவில் அதைக் கண்டதாக ஒரு சிறிய ஆய்வு வந்தது, புற்றுநோயை உண்டாக்கியதாக அது நிரூபிக்கவில்லை. பயம் மட்டும் உலகமெல்லாம் பரவியது. ஐரோப்பாவில் சில வகைப் பாரபென்களைத் தடை செய்தார்கள், மெத்தில், எத்தில் பாரபென்களுக்கு இன்றும் அளவோடு அனுமதி உண்டு. நிறுவனங்கள் பாரபெனுக்குப் பதில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. அதனால் ஒவ்வாமை பெருகி, 2017இல் ஐரோப்பா அதைக் கழுவாமல் விடும் கிரீம்களில் தடை செய்தது.

ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டியலில் தேட வேண்டியது 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற சொல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் பத்து இருபது வாசனைப் பொருட்கள் இருக்கலாம். 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்பதற்கு எப்படி, எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்ற வரையறை கிடையாது.

பிரசவத்துக்கு அப்புறம் கன்னத்துல மங்கு வந்துடுச்சு. எந்த கிரீம் எடுக்கும்?

மங்குக்கு ஹார்மோன், வெயில், பரம்பரை மூன்றும் காரணம். முழுதாக அழிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கட்டுக்குள் வைக்கலாம். அடித்தளம் நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதன் மேல் நியாசினமைடு, அசெலாயிக் அமிலம், கோஜிக் அமிலம், டிரானெக்ஸாமிக் அமிலம் என்று தேர்வுகள் உண்டு. கடைசியாகச் சொன்னது ரத்தப்போக்கை நிறுத்த ஜப்பானில் உத்தாக்கோ ஒக்காமோத்தோ என்ற பெண் விஞ்ஞானி தம் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்த மருந்து. பிறகுதான் மங்குக்கும் கேட்கிறது என்று தெரிந்தது. மாத்திரையாக எடுப்பது மருத்துவர் சொன்னால் மட்டுமே, ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆகாது.

நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீமும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கிளிக்மன் 1975இல் வெளியிட்ட கலவையிலிருந்து வந்தது. மருத்துவர் பார்வையில் சில வாரங்களுக்கு அது நல்ல மருந்து. சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பதிலில்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு டியூப் கொடுத்தாங்க, பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. இன்னொண்ணு கிடைக்குமா?

டியூபைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன். இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ரத்தக் குழாயைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, நிறமியையும் அடக்குவதால் முகம் வெளுத்துச் சுத்தமாகத் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், கன்னம் சிவக்கும், பரு கொத்துக் கொத்தாக வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், அதனால் மறுபடி போடுவார்கள். இப்படிச் சிக்கிய முகங்களை அதிகம் பார்த்ததால் இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப் பெயரே வைத்தார்கள். அவர்கள் சங்கம் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது.

இதில் எனக்கும் பங்குண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கடையில், "வெளுக்குற கிரீம் கேட்டா இதைக் கொடு" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் கொடுத்தேன். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் தொடர்ந்து மூன்று டியூப் வாங்கினாள். நான்காவது முறை வந்தபோது துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். துணியை விலக்கிக் காட்டியபோது கன்னம் சுட்டெடுத்த மாதிரி சிவந்திருந்தது, தாடையில் முடி. "அக்கா, நீங்கதானே கொடுத்தீங்க" என்றாள். அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் அந்த டியூபை நான் தொட்டதில்லை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்துவதா என்று அவர் சொல்வார். நிறுத்திய முதல் வாரங்கள் கஷ்டமாக இருக்கும், தோல் மெல்லத் தேறும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீம் போடுவதும் இதே ஆபத்துதான், அரிப்பு அடங்கி உள்ளே பூஞ்சை பரவும்.

டியூப்ல எந்தப் பேருமே போடலை, இன்ஸ்டாகிராம்ல வாங்கினது. அதுவும் நல்லாத்தான் வெளுக்குது.

பெயர் இல்லாமல் வெளுக்கிற கிரீமில் பாதரசம் இருக்கலாம். நிறமி உண்டாவதை அது தடுக்கும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் கால் வீக்கத்தோடும் சிறுநீரில் புரதத்தோடும் வந்தவர்களை 2021 முதல் 2023 வரை கவனித்த மருத்துவர்கள், சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு அரிய நோயை 15 பேரிடம் கண்டார்கள். அவர்களில் 13 பேர் வெளுக்கும் கிரீம் போட்டவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

முகத்துக்குப் பூசும் கிரீமில் பாதரசம் சேர்க்க இந்தியாவில் அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பொருள் பட்டியல் மூன்றும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். போட்டிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

குளுட்டாதயோன் ஊசி போட்டா உடம்பே வெளுக்குமாமே?

நிறத்துக்காக அந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. பிலிப்பைன்ஸில் அதிகம் பரவியபோது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பையும் கடுமையான தோல் ஒவ்வாமையையும் சொல்லி எச்சரித்தது. நிறத்துக்காக ரத்தக் குழாயில் எதையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இதை உங்கள் அக்காவாகவே சொல்கிறேன்.

பொண்ணுக்குப் பதினொரு வயசு. ரெட்டினால் கேட்டு அடம் பிடிக்கிறா.

வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் தோல் தானாகவே வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதை முடுக்கினால் மிஞ்சுவது எரிச்சல்தான். அடம் பிடித்தால் ஒரு நல்ல சன்ஸ்கிரீனையும் மென்மையான ஃபேஸ் வாஷையும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். பரு உண்மையிலேயே அதிகம் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கழுத்து மட்டும் கறுப்பா, தடிப்பா இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.

தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள், அது அழுக்கு இல்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்தால், பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. எந்த கிரீமும் அடிப்படைக் காரணத்தைத் தொடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் பார்க்க வேண்டும். உடல் எடையில் கொஞ்சம் குறைந்தாலே கழுத்து தெளிவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்து "ஒழுங்காக் குளிக்கலையா" என்று திட்டுகிற அம்மாக்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

நெத்தியில பொட்டு வைக்கிற இடம் மட்டும் வெள்ளையாகுது. வெண்குஷ்டமா?

பயப்படாதீர்கள், ஆனால் ஸ்டிக்கர் பொட்டை இன்றே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருக்கும். அது நிறமி செல்களையே கொல்லும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு, நாள்பட்டால் சிகிச்சை வேண்டும், சிலருக்கு மற்ற இடங்களுக்கும் பரவும். அரிப்போ கருமையோ வந்தால் குங்குமத்தின் சாயத்துக்கு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். 'குஷ்டம்' என்ற சொல்லை வைத்துக் கலங்க வேண்டாம், வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை, தொட்டால் ஒட்டாது. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் வைக்கும் பொட்டு அட்டையையும் குங்குமச் சிமிழையும் கையோடு எடுத்துப் போங்கள்.